ஏட்டுச் சுரைக்காயும் டக்கார் நீதிமன்றமும்

மனித உரிமைக்கான சர்வதேசச் சட்டம் என்று பேச்செடுத்தாலே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. சித்திரவதை கூடாது என்று கையெழுத்துப் போட்ட நாடுகளின் காவல் கொட்டடிகளிலேயே சித்திரவதை நடக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2023இல் பிடியாணை பிறப்பித்த ரஷ்ய அதிபர் புதின், அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடான மங்கோலியாவுக்கு 2024 செப்டம்பரில் போனார், மரியாதைகளை ஏற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். உலகத்துக்கென்று ஒரு காவல் நிலையம் இல்லை, அதனால் உலகச் சட்டமும் இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டுவது எளிது. ஆனால் அமலாக்கம் என்றால் போலீஸ்காரர் வந்து மணிக்கட்டைப் பிடிப்பது மட்டுமே என்று இந்த வாதம் எடுத்துக்கொள்கிறது. இந்தச் சட்டம் உண்மையில் வேலை செய்யும் விதம் வேறு. கடமையிலிருந்து நழுவப் பார்க்கும் ஓர் அரசு சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாகச் செல்லாக்காசாக்கி, கடைசியில் வழி ஒன்றை மட்டும் மிச்சம் வைப்பதுதான் அதன் வேலை. சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹாப்ரேமீது நடந்த வழக்கில் இதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. இந்தச் சட்டத்தின் கை எட்டாத இடங்களும் அதே வழக்கில்தான் தெரிகின்றன.

ஹாப்ரே 1982 ஜூன் 7 அன்று சாட்டின் ஆட்சியைப் பிடித்தார். 1990 டிசம்பர் 1 அன்று, ஒரு காலத்தில் அவருடைய படைத்தலைவராக இருந்த இத்ரிஸ் டெபி அவரைத் துரத்தினார். இடைப்பட்ட எட்டாண்டுகளில் டி.டி.எஸ். என்று மூன்றெழுத்தில் அறியப்பட்ட அரசியல் போலீஸ் நாட்டை அச்சத்தில் வைத்திருந்தது. தலைநகர் இன்ஜமெனாவில் பிரெஞ்சுப் படையினரின் குடும்பங்கள் குளிப்பதற்காகக் காலனிக் காலத்தில் கட்டிய நீச்சல் குளம் ஒன்று இருந்தது. அதன் மேல் கான்கிரீட் தளம் போட்டு மூடி, உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பி அறைகளாகப் பிரித்துச் சிறையாக்கினார்கள். ‘பிஸின்’, அதாவது குளம், என்றே அதற்குப் பெயர். டி.டி.எஸ். சிறைகளில் ‘அர்பட்டாஷார்’ என்றொரு முறை வழக்கத்தில் இருந்தது: கைகளையும் கால்களையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து இறுகக் கட்டி, மார்பு வில்லாக வளைய, இரத்த ஓட்டம் நின்று அங்கங்கள் மரத்துப்போகும்வரை விட்டுவிடுவார்கள். 1992இல் சாட்டின் விசாரணை ஆணையம் கொல்லப்பட்டவர்கள் 40,000 பேர்வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. லிபியாவின் கடாபியைத் தடுக்கும் அரண் என்று கருதி அமெரிக்காவும் பிரான்சும் ஹாப்ரேயை ஆதரித்தன. 1987 ஜூனில் அதிபர் ரீகன் அவரை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். அதே மாதம்தான் ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்த உடன்படிக்கையின் மைய ஏற்பாட்டை இப்படிச் சுருக்கலாம்: சித்திரவதை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் உன் மண்ணில் இருந்தால், அவரை விசாரணைக்கு உட்படுத்து, இல்லையேல் விசாரிக்கத் தயாராக உள்ள நாட்டிடம் ஒப்படை. குற்றம் நடந்த இடமோ, செய்தவர் எந்த நாட்டவர் என்பதோ பொருட்டல்ல. வைத்துப் பாதுகாப்பது என்ற மூன்றாவது வழிக்கு அதில் இடமில்லை. செனகல் 1986இல் இந்த உடன்படிக்கையை முறைப்படி ஏற்றது. தப்பியோடிய ஹாப்ரே போய்ச் சேர்ந்ததும் செனகல் தலைநகர் டக்கார்தான். அங்கே அவர் ஓய்வுபெற்ற பெரிய மனிதராகப் பத்தாண்டுகள் நிம்மதியாக வாழ்ந்தார். ஏட்டில் கடமை இருந்தது. அதைக் கேட்க ஆள் இல்லை.

கேட்கும் ஆள் சாட்டின் சிறையிலிருந்தே வந்தார். சுலைமான் கெங்கெங் சாட் ஏரிப் படுகை ஆணையத்தில் கணக்கு பார்த்தவர். 1988இல் கைதாகி இரண்டாண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். உயிரோடு வெளியே போனால் இதற்கு நீதி கேட்பேன் என்று உள்ளே சபதம் செய்துகொண்டதாக அவர் பின்னாளில் சொன்னார். விடுதலையானதும் மற்ற பாதிக்கப்பட்டவர்களோடு சேர்ந்து 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். ஆனால் பழைய டி.டி.எஸ். அதிகாரிகள் பலர் புதிய ஆட்சியிலும் பதவியில் அமர்ந்திருந்ததால் அந்தக் கட்டுகளை மறைத்துவைக்க வேண்டியிருந்தது. அவை ஏறக்குறைய எட்டாண்டுகள் மறைவிலேயே கிடந்தன. 1998 அக்டோபரில் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டனில் கைதான செய்தி வந்த பிறகுதான் அவற்றுக்கு ஒரு பயன் தெரிந்தது. கணக்கெழுதிப் பழகிய கை என்பதாலோ என்னவோ, பெயர், தேதி, அடைக்கப்பட்ட இடம் என்று பதிந்து வைத்திருந்த அந்த முறை பிறகு நீதிமன்றங்களுக்குப் பெரிதும் உதவியது.

2000 ஜனவரியில் ஏழு பாதிக்கப்பட்டவர்கள் டக்கார் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார்கள். பிப்ரவரி 3 அன்று நீதிபதி தெம்பா காண்ஜி சித்திரவதைக்கு உடந்தை என்று ஹாப்ரேமீது குற்றம் சாட்டினார். ஆப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் ஒருவர்மீது இன்னொரு ஆப்பிரிக்க நாட்டின் நீதிமன்றம் இத்தகைய குற்றத்தைச் சுமத்தியது அதுவே முதல்முறை. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. செனகலில் ஆட்சி மாறியது, நீதிபதி இடம் மாற்றப்பட்டார், வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2001 மார்ச்சில் உச்ச நிலை நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உடன்படிக்கையை ஏற்றது உண்மைதான், ஆனால் அதற்கேற்ப உள்நாட்டு நடைமுறைச் சட்டத்தை நாங்கள் திருத்தவில்லை, ஆகவே வெளிநாட்டில் வெளிநாட்டவர் செய்த சித்திரவதையை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்பது காரணம். கொடுத்த வாக்கை நிறைவேற்றாததையே வாக்கை மீறுவதற்கான காரணமாகக் காட்டும் இந்தத் தர்க்கம் நம் நாட்டு அலுவலகங்களுக்கும் புதிதல்ல.

இதே 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பினர் இன்ஜமெனாவில் கைவிடப்பட்டுக் கிடந்த டி.டி.எஸ். தலைமையகத்துக்குள் நுழைந்தார்கள். அறைகளில் தரை தெரியாமல் தாள்கள் சிதறிக் கிடந்தன: அன்றாடக் கைதிப் பட்டியல்கள், விசாரணைக் குறிப்புகள், இறப்பு அறிக்கைகள். அவற்றைச் சேகரித்து அடுக்கிக் கணினியில் ஏற்றியபோது 12,321 பேரின் பெயர்களும், காவலில் இறந்த 1,208 பேரின் விவரங்களும் கிடைத்தன. 898 கைதிகளைப் பற்றி டி.டி.எஸ். ஹாப்ரேக்கே நேரடியாக அனுப்பிய 1,265 தகவல்களும் அதில் இருந்தன. கீழே நடந்தது எனக்குத் தெரியாது என்று மேலே இருப்பவர் சொல்வதற்கு இருந்த வாசல் அத்தோடு மூடியது. இன்னொரு தாள் இதைவிடக் கனமானது. போர்க் கைதிகள் சிலரை மருத்துவமனைக்கு அனுப்பும்படி செஞ்சிலுவைச் சங்கம் விடுத்த கோரிக்கைமேல், இனி எந்தப் போர்க் கைதியும் செத்தால் தவிரச் சிறையை விட்டு வெளியே போகக் கூடாது என்ற பொருளில் கையால் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அது ஹாப்ரேயின் கையெழுத்தே என்று பின்னாளில் நீதிமன்றம் அமர்த்திய கையெழுத்து நிபுணர் உறுதி செய்தார். ஏட்டுச் சுரைக்காயைப் பழிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொடுங்கோல் அரசுகளும் ஏடு எழுதுகின்றன, அதுவும் ஒழுங்காக எழுதுகின்றன.

டக்காரில் கதவு அடைபட்டதும் பாதிக்கப்பட்டவர்கள் பெல்ஜியத்தின் பக்கம் திரும்பினார்கள். எங்கே நடந்த கொடுங்குற்றமானாலும் பெல்ஜிய நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 1993 முதல் அங்கே ஒரு சட்டம் இருந்தது. 2002இல் பெல்ஜிய நீதிபதி சாட்டுக்கே போய் விசாரித்தார், சாட் அரசும் ஹாப்ரேக்கு எந்த விலக்குரிமையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. 2005 செப்டம்பரில் பெல்ஜியம் பிடியாணை பிறப்பித்து அவரை ஒப்படைக்கக் கேட்டது. முன்னாள் நாட்டுத் தலைவருக்கு விலக்குரிமை உண்டு, இதில் முடிவெடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று கைவிரித்தது டக்கார் மேல்முறையீட்டு நீதிமன்றம். செனகல் அரசு பந்தை ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பக்கம் தட்டிவிட்டது. ஒன்றியம் 2006 ஜூலையில், ஆப்பிரிக்காவின் சார்பாக நீயே விசாரி என்று அதைத் திருப்பி அனுப்பியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, கெங்கெங்கும் மற்றவர்களும் கொடுத்திருந்த முறையீட்டின்மேல், செனகல் உடன்படிக்கையை மீறிவிட்டது என்று ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான குழு சொல்லியிருந்தது. அந்தக் குழுவுக்குப் போலீஸ் இல்லை, அபராதம் விதிக்கும் அதிகாரமும் இல்லை. ஆனால் ‘உள்நாட்டுச் சட்டம் இல்லை’ என்ற சாக்கு அத்தோடு செத்தது. செனகல் 2007இல் சட்டத்தையும் 2008இல் அரசமைப்பையும் திருத்தியது.

அடுத்த சாக்கு பணம். விசாரணைக்கு நிதி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று செனகல் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தது. ஹாப்ரேயும் சும்மா இருக்கவில்லை. குற்றம் நடந்தபோது இல்லாத சட்டத்தால் என்னை விசாரிக்கப் பார்க்கிறார்கள் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பின் நீதிமன்றத்துக்குப் போனார். 2010 நவம்பரில் அந்த நீதிமன்றம் அவர் வாதத்தைப் பாதி ஏற்றது: செனகலின் சாதாரண நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது, சர்வதேசத் தன்மை கொண்ட தனி நீதிமன்றம் விசாரிக்கலாம். வழக்கைக் கொல்லப் போனவர் தன்னை விசாரிக்கவேண்டிய மன்றத்தின் வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தார். அதே மாதம் நன்கொடை நாடுகள் கூடி சுமார் 86 லட்சம் யூரோ தர ஒப்புக்கொண்டன. 2011 ஜூலையில் செனகல் அதிபர் வாட், ஹாப்ரேயைச் சாட்டுக்கே அனுப்பிவிடுவதாகத் திடீரென்று அறிவித்தார். அங்கே அவருக்கு மரண தண்டனை ஏற்கெனவே விதிக்கப்பட்டிருந்தது. அவர் போய்ச் சேர்ந்திருந்தால் நியாயமான விசாரணையும் இல்லை, உண்மையும் வெளிவந்திராது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஐ.நா.வின் அன்றைய மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை முக்கியமானவர். டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவருக்குத் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் கீழ் வழக்காடிய அனுபவம் இருந்தது. கொடுங்கோலனுக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்ற அந்த வற்புறுத்தலுக்குப் பின் வாட் பின்வாங்கினார்.

பெல்ஜியம் 2009இல் செனகலை ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்திருந்தது. 2012 ஜூலை 20 அன்று வந்த தீர்ப்பு, மிச்சமிருந்த சாக்குகளை ஒரே இடத்தில் குவித்துக் கொளுத்தியது என்றே சொல்லலாம். பணமில்லை என்பது காரணமாகாது. ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் விட்டுவிட்டோம் என்பது காரணமாகாது. உள்நாட்டுச் சட்டமும் பிராந்திய நீதிமன்றத்தின் தீர்ப்பும் காரணமாகா. ஒப்படைக்காவிட்டால் இனியும் தாமதிக்காமல் வழக்கு நடத்து என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். இந்தத் தீர்ப்பில் இதைவிட நீண்ட ஆயுள் கொண்ட வாசகம் ஒன்று உண்டு. பெல்ஜியத்துக்கு இதில் என்ன நேரடிப் பாதிப்பு, அது யார் வழக்குப் போட என்று செனகல் கேட்டது. சித்திரவதை உடன்படிக்கையை ஏற்ற ஒவ்வொரு நாடும் மற்ற எல்லா நாடுகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறது, ஆகவே தனக்கென்று தனிப் பாதிப்பு இல்லாத உறுப்பு நாடும் கேட்கலாம் என்றது நீதிமன்றம். ரோஹிங்கியா மக்களுக்காக மியான்மர்மீது 2019இல் காம்பியா வழக்குத் தொடுத்தபோதும், காசாவுக்காக 2023 டிசம்பரில் இஸ்ரேல்மீது தென்னாப்பிரிக்கா வழக்குத் தொடுத்தபோதும், இனப்படுகொலை உடன்படிக்கையின் கீழ் அவை நின்ற தரை இந்த வாசகம்தான். டக்காரில் ஏழு பேர் கொடுத்த புகார் இத்தனை தூரம் போகும் என்று 2000இல் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

2012இல் செனகலில் மக்கி சால் தேர்தலில் வென்று பதவியேற்றிருந்ததும் சேர்ந்துகொள்ள, ஹேக் தீர்ப்பு வந்த சுமார் ஒரு மாதத்தில் ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் சிறப்பு ஆப்பிரிக்க நீதிமன்ற ஆயத்தை அமைக்க ஒப்பந்தம் போட்டன. ஆட்சி மாறாமல் இருந்தால் தீர்ப்பு மட்டும் போதுமாக இருந்திருக்குமா என்று கேட்கலாம். போதாமல் போயிருக்கவும் கூடும். ஆனால் தீர்ப்பு இல்லாமல் புதிய அதிபருக்கும் இதைச் செய்தாக வேண்டிய நிர்ப்பந்தம் இருந்திருக்காது. சட்டம் விரும்பாதவரை அசைத்துவிடாது, அரைமனதுக்காரரின் இன்னொரு பாதியை நிரப்பிவிடும். 2013 ஜூன் 30 அன்று ஹாப்ரே கைதானார். 2015 ஜூலையில் விசாரணை தொடங்கியபோது மன்றத்தையே ஏற்க மறுத்தார், அவரைக் காவலர்கள் தூக்கிவந்து இருக்கையில் வைக்க வேண்டியிருந்தது. வெள்ளை அங்கியும் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக, ஒரு வார்த்தை பேசாமல், 93 சாட்சிகளின் எதிரில் அவர் உட்கார்ந்திருந்தார். 2016 மே 30 அன்று புர்கினா ஃபாஸோவைச் சேர்ந்த நீதிபதி குஸ்தாவ் காம் தலைமையிலான ஆயம் மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், சித்திரவதை ஆகியவற்றில் அவர் குற்றவாளி என்று கண்டு ஆயுள் தண்டனை விதித்தது. பாலியல் வன்கொடுமைக்காகவும் தண்டித்தது. நேரடியாக அவரே செய்ததாகச் சொல்லப்பட்ட வன்புணர்வு மட்டும் குற்றப்பத்திரிகையில் இடம்பெறவில்லை என்ற நடைமுறைக் காரணத்தால் 2017 ஏப்ரல் மேல்முறையீட்டில் விலக்கப்பட்டது, மற்றதெல்லாம் உறுதியானது. குற்றவாளிக்கும் நடைமுறையின் பலன் கிடைத்தது என்பதைத் தீர்ப்பின் குறையாகப் பார்க்க நான் தயாரில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். காங்கோவில் தன் மன்னர் லியோபோல்டு செய்த கொடுமைகளை மறந்துவிட்டு ஆப்பிரிக்காவுக்கு நீதி சொல்லித்தர பெல்ஜியம் யார் என்ற கேள்வி ஆப்பிரிக்காவில் பலமாக எழுந்தது, எழ வேண்டியதும்கூட. ஆனால் இந்த வழக்கில் புகார் கொடுத்தவர்கள் சாட் நாட்டு மக்கள். அவர்களுக்காக முன்னின்ற வழக்கறிஞர் ஜாக்லின் முதெய்னா 2001இல் ஓர் ஆர்ப்பாட்டத்தில் கையெறிகுண்டு வெடித்துக் காலில் காயம்பட்ட சாட் பெண். தீர்ப்பளித்த நீதிபதிகள் ஆப்பிரிக்கர்கள். இந்தக் கதையில் காலனியத்தைத் தேடினால், அது அந்த நீச்சல் குளத்திலும், அதைச் சிறையாக்கியவரைத் தாங்கிப் பிடித்த பாரிஸிலும்தான் அதிகம் கிடைக்கும்.

இதைவிடக் கனமான வாதம், வீழ்ந்தவனைத்தான் இந்தச் சட்டம் பிடிக்கிறது, ஆள்பவனைத் தொடுவதில்லை என்பது. இதை மறுக்க எனக்கு வழியில்லை. ஹாப்ரேயின் படைத்தலைவராக இருந்த டெபி, வழக்கு நடந்த காலமெல்லாம் சாட்டின் அதிபர். அவர் பெயர் குற்றப்பட்டியலில் வரவில்லை, தேடப்பட்ட டி.டி.எஸ். அதிகாரிகளையும் அவர் அரசு டக்காருக்கு அனுப்பவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்டால், வாஷிங்டனும் பாரிஸும் சாட்சிக் கூண்டுக்குக்கூட வரவில்லை. பெல்ஜியச் சட்டத்தின் கதியும் இதையே சொல்கிறது. அமெரிக்கத் தலைவர்கள்மீதும் அங்கே புகார்கள் வந்தபோது, 2003 ஜூனில் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டு நேட்டோ தலைமையகத்துக்கான நிதியைக் கையில் எடுத்தார். இரண்டு மாதத்தில் சட்டம் ரத்தானது. ஏற்கெனவே விசாரணை தொடங்கிவிட்டதால் ஹாப்ரே வழக்கு மட்டும் தப்பியது. ஆகவே இது சமமற்ற சட்டம். உள்ளூர்க் குற்றவியல் சட்டமும் அப்படித்தான் நடக்கிறது. செல்வாக்குள்ளவனைத் தாணாக்காரர் தொடத் தயங்குகிறார் என்பதற்காகக் கொலையைக் குற்றமல்ல என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அதிகாரம் கைமாறும் நாள் வரும்போது கையில் பிடித்துக்கொள்ள ஒரு விதி இருக்கிறதா என்பதே கேள்வி. இந்த வழக்கில் அந்த விதியும் இருந்தது, தாள்களும் இருந்தன. இலங்கைப் போர்க் குற்றங்களுக்கான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் 46/1 தீர்மானத்தின் மூலம் வழிசெய்தபோது, வெறும் காகிதம் என்று சிரித்தவர்கள் பலர். கெங்கெங்கின் கட்டுகளும் எட்டாண்டுகள் வெறும் காகிதமாகத்தான் கிடந்தன. இரண்டும் ஒரே முடிவுக்கு வந்து சேரும் என்று நான் சொல்ல வரவில்லை, திரட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்கு உறுதி.

இந்தத் தீர்ப்பைக் கண்டு மற்ற கொடுங்கோலர்கள் அஞ்சுவார்கள் என்ற வாதத்தை நான் முன்வைக்கவில்லை. அதற்கு ஆதாரம் மெலிது. ஆப்பிரிக்க ஒன்றியமே 2014இல், பதவியில் இருக்கும் தலைவர்களைத் தன் வருங்கால நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று ஒரு நெறிமுறையை ஏற்றது, அஞ்சியவர்கள் அஞ்சிய விதம் அப்படி. அதேபோல், சாக்குகளை அடைக்கும் வேலை நடப்பதற்கு முதலில் ஒரு நாடு கடமையை ஏற்றிருக்க வேண்டும். செனகல் ஏற்றிருந்ததால்தான் மாட்டிக்கொண்டது. இந்தியா இதே உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டது, இன்றுவரை முறைப்படி ஏற்று உறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா காலாவதியானது. உடன்படிக்கையை ஏற்கலாம் என்று 2017இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்கள் நடந்தன. ஐ.நா. குழுவிடம் முறையிடும் பாதையோ, இன்னொரு நாடு ஹேக்கில் கேட்கும் பாதையோ இந்த உடன்படிக்கையின் வழியே நமக்குத் திறக்கவில்லை. கையெழுத்துக்கும் உறுதியேற்புக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளி தற்செயலாக இத்தனை ஆண்டு நீடிக்கிறது என்று நம்புவது கடினம்.

மீதமிருப்பது இழப்பீடு. மேல்முறையீட்டு ஆயம் 7,396 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்று, மொத்தம் 8,200 கோடி சிஃபா பிராங்குக்கு மேல் தர உத்தரவிட்டது. பணத்தைத் தேடிப்பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அறக்கட்டளை நிதிக்கு. சாட் கருவூலத்தைச் சூறையாடியதாக 1992 ஆணையம் குற்றம் சாட்டிய ஹாப்ரேயிடமிருந்து நீதிமன்றத்தால் முடக்க முடிந்தது டக்காரில் ஒரு வீடும், அதிகம் தேறாத சில வங்கிக் கணக்குகளும்தான். இன்ஜமெனாவிலும் 2015இல் ஒரு நீதிமன்றம் டி.டி.எஸ். ஆட்களைத் தண்டித்து, 7,500 கோடி பிராங்க் இழப்பீட்டில் பாதியை அரசே தர வேண்டும் என்றது. அரசு ஆண்டுக்கணக்கில் அசையவில்லை, 2024இல் ஒரு சிறு பகுதியைத்தான் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. ஓர் ஆளைக் கூண்டில் நிறுத்தும் கடமைக்கு உடன்படிக்கையில் தெளிவான வாசகம் இருந்தது, அதை நிறைவேற்றச் சொல்லி ஹேக் வரை போக முடிந்தது. இழப்பீடு கிடைக்கச் செய்யும் கடமைக்கும் உடன்படிக்கையில் வாசகம் உண்டு, ஆனால் கஜானாவைத் திறக்கச் சொல்லி யாரும் ஹேக் வரை போகவில்லை. ஹாப்ரே 2021 ஆகஸ்டில் டக்காரில் சிறைத் தண்டனைக் காலத்திலேயே கொரோனாவால் இறந்தார். பட்டியலில் உள்ளவர்களில் பலர் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். மற்றவர்கள் இன்ஜமெனாவில் அவ்வப்போது ஊர்வலம் போய், தீர்ப்பில் எழுதிய தொகையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.